மந்தைக்கு வெளியே இருந்த காரணம்

செம்மறி மந்தையிற் கருச்சிதைவு மிகுங்கால், அதன் காரணத்தை மந்தைக்குள்ளேயே தேடுதல் இயல்பு. தொக்சோபிளாசுமா என்னும் ஒட்டுண்ணியின் ஆய்வு வரலாறு அத்தேடலின் குறைபாட்டைத் தெளிவுறுத்துகின்றது.

1908 இல் தூனிசில் நிக்கோலும் மான்சோவும் இதனை ஒரு கொறிவிலங்கிற் கண்டனர். அதே ஆண்டிற் பிரேசிலில் இசுப்பிளெண்டோரே முயலிற் கண்டார். கால்நடை வளர்ப்போருக்கு அன்று அச்செய்தி பயன்படவில்லை. 1954 இல் நியூசிலாந்தில் ஹாட்லியும் துணைவரும், கருச்சிதைந்த செம்மறிகளின் சூல்வித்தகத்தில் இதனையொத்த நுண்ணுயிர்களைக் கண்ட பின்னரே, இனப்பெருக்க இழப்பில் அதன் பங்கு புலனாகத் தொடங்கிற்று. சினைக்காலத்தின் தொடக்கத்தில் தொற்றினாற் கரு அழிந்து உறிஞ்சப்படும். நடுப்பகுதியிலாயிற் குட்டி இறந்தோ நலிந்தோ பிறக்கும். இறுதியிலாயிற் பெரும்பாலும் நலமாகவே பிறக்கும்.

எனினும், புல் மேயும் விலங்கினை இத்தொற்று அடைந்த வழி புதிராகவே இருந்தது. 1965 இல் கிளாசுக்கோவில் ஹட்சிசன், பூனையின் மலத்தினூடாக இது பரவக்கூடுமெனக் காட்டினார். 1970 அளவில், ஒட்டுண்ணியின் இலிங்கமுறை இனப்பெருக்கம் பூனைக்குடலில் நிகழ்வதை ஆய்வாளர் பலர் நிறுவினர். எலிகளை ஒழிக்க வளர்த்த பூனையே தீவனத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் மாசுபடுத்தியது.

இவ்வறிவு நடைமுறையை மாற்றியது. இந்நோயாற் கருச்சிதைந்த ஆடு பொதுவாக நிர்ப்பீடனம் பெறுவதால், அதனைக் கழித்தல் வீண் இழப்பாகும். கருச்சிதைந்த குட்டியொன்றிலிருந்து பெறப்பட்டு, ஆய்வுகூட எலிகளிற் பன்முறை வளர்க்கப்பட்ட எஸ்48 என்னும் வகை, பூனையில் முட்டையுறைகளைத் தோற்றுவிக்கும் ஆற்றலை இழந்திருந்தது. அதுவே 1988 இல் நியூசிலாந்தில் உயிருள்ள தடுப்புமருந்தாயிற்று. மந்தையின் இழப்பை ஆராய்வோர், அதனைச் சூழ்ந்து வாழும் உயிர்களையும் ஆராய்தல் வேண்டும்.