கைமீரா

கைமீரா: (பெயர்ச்சொல்) வெவ்வேறு மூலங்களிலிருந்து எடுத்த பகுதிகள் இணைந்து ஒன்றாகச் செயல்படும் உயிரி அல்லது மூலக்கூறு.

கிரேக்கத்தில் 'கிமைரா' என்பது பெண் வெள்ளாட்டைக் குறிக்கும். முன்புறம் சிங்கமும் நடுவில் ஆடும் பின்புறம் பாம்புமாக ஹோமர் இலியத்தில் வருணித்த விலங்கின் பெயரும் இதுவே. 1907இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹான்ஸ் விங்க்ளர், தக்காளியையும் மணத்தக்காளியையும் ஒட்டுக்கட்டிப் பெற்ற செடிக்கு இப்பெயரை இட்டார்.

மூலக்கூறு அளவில் இச்சொல் 1970களில் வழக்குக்கு வந்தது. நொதியால் வெட்டிய டி.என்.ஏ. துண்டுகளை மற்றொரு நொதியால் ஒட்டி, பாக்டீரியாவுக்குள் செலுத்திப் பெருக்கும் முறையை 1973இல் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும் தம் குழுவினருடன் வெளியிட்டனர். 1980இல் அம்முறைக்கு வழங்கப்பட்ட அமெரிக்கக் காப்புரிமையின் தலைப்பிலேயே 'மூலக்கூற்றுக் கைமீராக்கள்' என்ற தொடர் உண்டு. மனித இன்சுலினைப் பாக்டீரியாவில் தயாரிப்பது இந்த வழியில்தான்.

இரு மரபணுக்களைத் தொடராக இணைத்தால் கைமீராப் புரதம் கிடைக்கும். ஒளிரும் புரதத்தோடு இணைத்த புரதம், செல்லுக்குள் தான் இருக்கும் இடத்தைக் காட்டும். ரிடுக்சிமாப் மருந்தில், இலக்கைப் பற்றும் பகுதி எலியினுடையது; எஞ்சியது மனித எதிர்ப்புரதம். எலிப்பகுதி குறைவதால், நோயாளியின் உடல் அம்மருந்தை அந்நியப் பொருளாக எதிர்ப்பதும் குறைகிறது. மருந்துப் பெயரிலுள்ள 'க்சி' என்ற அசை கைமீராவைக் குறிப்பதே. இரத்தப் புற்றுநோய்க்கான கார்-டி சிகிச்சையில், நோயாளியின் டி செல்களுக்குக் கைமீரா ஏற்பி பொருத்தப்பட்டு, அவை புற்றுச் செல்களை அடையாளம் கண்டு அழிக்கின்றன.