பதக்கமும் பூவும்: சப்ரகமுவவில் முன்னாள் படைவீரர் சின்னங்கள், 1914–1936

பழைய பதக்கம் சேகரிப்பவர் முதலில் பார்ப்பது விளிம்பை. முதல் உலகப் போருக்காகப் பிரித்தானியா வழங்கிய வெள்ளிப் போர்ப் பதக்கத்தின் விளிம்பில் சிப்பாயின் இலக்கம், தரம், பெயர், படைப்பிரிவு ஆகியன பொறிக்கப்பட்டிருக்கும். உலோகத்தைப் படித்து ஆளை அடையாளம் காணும் இந்த முறை, இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்துக் கேகாலை, இரத்தினபுரித் தோட்டப் பகுதிகளின் வரலாற்றில் பாதியைத்தான் தரும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இலங்கைத் தோட்டத்துரைமாரின் துப்பாக்கிப் படை 1900இல் அமைந்தது. ஐரோப்பியத் துரைமாரே அதன் உறுப்பினர். 1914 ஒக்டோபரில் அவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் எகிப்துக்குக் கப்பலேறினர். கலிப்பொலியில் ஒரு பகுதியினர் ஜெனரல் பேர்ட்வூட்டின் மெய்க்காவலராக இருந்தனர். பலர் பின்னர் பிரித்தானியப் படையில் அதிகாரிகளாயினர். சேகரிப்பவருக்குச் சிக்கல் இங்கேதான். 1914–15 நட்சத்திரப் பதக்கத்தின் பின்புறத்தில், போர்க்களம் புகுந்தபோதிருந்த படைப்பிரிவின் பெயர் இருக்கும். அதிகாரியாக உயர்ந்தவரின் மற்றப் பதக்கங்களிலோ தரமும் பெயரும் மட்டுமே. தொகுதியைப் பிரித்து விற்றால், அவர் தோட்டத்துரையாக இருந்தவர் என்ற தடயமே அறுந்துபோகும்.

போருக்குப் பின் சின்னம் உலோகத்திலிருந்து பூவுக்கு மாறியது. ஆண்டுதோறும் போர்நிறுத்த நினைவுநாளான நவம்பர் 11இல் பொப்பி மலர் விற்கப்பட்டது. இலங்கையில் திரண்ட பணத்தில் பெரும்பங்கு பிரித்தானிய முன்னாள் படைவீரருக்கே போனது. இதை எதிர்த்து 1931இல் முன்னாள் படைவீரர் சங்கத்தின் ஏலியன் பெரேரா, உள்நாட்டு வீரருக்காகச் சூரிய மலரை, அதாவது நம் பூவரசம் பூவை, விற்கும் இயக்கத்தைத் தொடங்கினார். 1933இல் தென் கொழும்பு இளைஞர் கழகம் அதைக் கையிலெடுத்தது. இயக்க ஆதரவாளர் டொரீன் யங் பத்திரிகையில் எழுதிய கட்டுரை அதற்கு வலுச் சேர்த்தது. படைவீரர் நலனுக்கான நிதிப் பிணக்கு, ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாயிற்று.

1934–35இல் மலேரியா சுமார் 80,000 உயிர்களைக் குடித்தது. கேகாலை மாவட்டம் மிக மோசமாகத் தாக்குண்டது. சூரிய மலர்த் தொண்டர்கள் மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்குச் சென்றனர். அவர்களில் பருப்பு பங்கிட்ட என்.எம். பெரேராவைச் சனங்கள் ‘பருப்பு மாத்தயா’ (பருப்பு ஐயா) என்றே அழைத்தனர். 1935 டிசம்பரில் இவ்வட்டத்தினர் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தனர். மறு ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலில் ருவான்வெல்லையில் என்.எம். பெரேராவும் அவிசாவளையில் பிலிப் குணவர்தனவும் வென்றனர். மலேரியா நிவாரணம் தேடித்தந்த செல்வாக்கு இன்றி ருவான்வெல்லை வெற்றியை விளக்க முடியாது.

பூ ஒருநாள் அணிந்து கழற்றப்படுவது. அதில் யார் பெயரும் இல்லை. ஆனால் இம்மாகாணத்தின் அரசியலைத் திருப்பியதில் பதக்கத்தைவிட அதற்கே பங்கு அதிகம். துரை போருக்குப் போன காலத்திலும் கொழுந்தெடுத்து, றப்பர் பால் வெட்டித் தோட்டத்தை நடத்திய தமிழ்த் தொழிலாளரோ விளிம்பிலும் இல்லை, பூவிலும் இல்லை. அவர்களைத் தேடத் தோட்டத்துச் செக்றோல் என்ற தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும். ஆகவே இப்பகுதிப் பதக்கம் ஒன்றை ஆவணப்படுத்துபவர், அதே ஆண்டுகளின் செக்றோலையும் பத்திரிகைச் செய்திகளையும் அருகில் வைத்தே படிக்க வேண்டும். இல்லாவிட்டால் கையில் எஞ்சுவது துரையின் வரலாறு மட்டுமே.