நிமிடத்துக்கு எத்தனை சுற்று?

மயிலாப்பூர், அடையாறு பக்கம் என் வயதுக்காரர்கள் பலர் ஆட்டோமேட்டிக் காருக்கு மாறிவிட்டார்கள். முழங்கால்தான் காரணம். கச்சேரி ரோட்டு நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து யாரால் முடியும்? மாறியவர்களுக்கு ஒரு சந்தேகம் வருகிறது. 'பார்க்'கில் நிறுத்தி ஆக்சிலரேட்டரை அழுத்தினால், சில கார்களில் முள் 4,000 சுற்றைத் தாண்ட மறுக்கிறது. மீட்டரில் சிவப்புக் கோடோ 6,000க்கு மேல்தான் இருக்கிறது. வண்டியில் கோளாறா? கோளாறு இல்லை, வேண்டுமென்றே வைத்த பூட்டு. இந்தப் பூட்டு நம் கார்களுக்கு வந்து சேர்ந்த வழி சுவாரசியமானது.

நாம் பார்த்து வளர்ந்த கார்களில் அது கிடையாது. வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961இல் வந்தது, 948 சி.சி. எஞ்சின். ஹெரால்டு, அம்பாசிடர், பியட் எதிலும் சுற்றைக் காட்டும் மீட்டர் சாதாரணமாக இருக்காது. டிரைவரின் காதுதான் மீட்டர். 1973இல் திறந்த ஜெமினி மேம்பாலத்தில் ஏறும்போது செகண்டிலேயே உறுமவிட்டால், பின்சீட்டிலிருந்து 'ரேஸ் பண்ணாதேப்பா, மாத்து' என்று குரல் வரும். மாற்றாமல் விரட்டினால் வால்வு ஸ்பிரிங் ஈடுகொடுக்காது. எஞ்சின் திணறும். அதையும் மீறினால் கனெக்டிங் ராடு உடையும். பிறகு புதுப்பேட்டையில் பழைய எஞ்சின் தேட வேண்டியதுதான். சோழவரம் ரேஸுக்குப் போனவர்களுக்குத் தெரியும், ஜெயிப்பதும் எஞ்சினை உடைத்துக்கொண்டு ஓரம் நிற்பதும் இந்தச் சுற்றுக் கணக்கில்தான்.

டீசல் எஞ்சினுக்கு மட்டும் அன்றே கடிவாளம் உண்டு. அதற்குப் பெயர் கவர்னர். நீராவி எஞ்சினுக்கு ஜேம்ஸ் வாட் 1788இல் பொருத்திய சுழலும் குண்டுகளின் வாரிசு அது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இந்தப் பெயர் வேடிக்கையாக இருக்கும். பிரெஞ்சில் எஞ்சின் சுற்றுக்குச் சொல் 'ரெஜீம்'. ஆட்சி முறைக்கும் அதே சொல்! அரசாங்கத்தில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவனுக்கு இரண்டிலும் வரம்பு எதற்கு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெட்ரோல் காருக்குக் கடிவாளம் புகையின் தயவால் வந்தது. டெல்லிப் புகை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999இல் ஆணையிட்டது. 2000 ஏப்ரலில் நாடு முழுவதும் புதுக் கார்களுக்கு விதி இறுகியது. கார்புரேட்டர் மெல்ல விடைபெற, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் முறை பரவியது. அளந்து கொடுக்கிற கைக்கு நிறுத்தத் தெரியாதா? சுற்று மிஞ்சினால் பெட்ரோலை நிறுத்திவிடும். யாரும் தனியாகக் கேட்காமலே கிடைத்த காவல் இது.

ஆனால் கை கியரில் இந்தக் காவலுக்கு ஓர் ஓட்டை இருக்கிறது. ஐந்தாம் கியரில் 3,000 சுற்றில் போகிறீர்கள். நாலாவதுக்கு இழுக்கப் போய், கை தவறி இரண்டாவதில் விழுகிறது. கிளட்சை விட்டதும் எஞ்சின் 7,000 சுற்றைத் தாண்டும். பெட்ரோலை நிறுத்தி என்ன பயன்? அப்போது எஞ்சினைச் சுற்றுவது பெட்ரோல் அல்ல, சக்கரம். வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்த பிறகுதான் சத்தம் நமக்குக் கேட்கும்.

ஆட்டோமேட்டிக்கில் இந்த ஓட்டை அடைபட்டிருக்கிறது. அமெரிக்க ஓல்ட்ஸ்மொபைலில் 1940 மாடலுக்கு வந்த ஹைட்ரமாட்டிக் பெட்டியிலேயே, எப்போது கியர் மாற்றுவது என்பதற்கு ஒரு கவர்னர் இருந்தது. நம் ஊரில் மலிவான ஆட்டோமேட்டிக்கைப் பரப்பியது 2014இல் வந்த மாருதி செலேரியோ. அது கை கியர் பெட்டியேதான், கிளட்சும் கியரும் தானாக இயங்கும். ஒரகடத்தில் தயாராகும் ரெனோ க்விட் 2016இல் இதே முறைக்கு ஒரு திருகு குமிழ் வைத்தது. எதுவானாலும், சுற்று எல்லை மீறும் என்றால் கீழ் கியரைக் கேட்டாலும் தராது.

சரி, 'பார்க்'கில் 4,000 ஏன்? சுமையில்லாத எஞ்சின் நொடியில் உச்சிக்குப் போய்விடும், ஓட்டத்துக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. அந்த வேகத்தில் யாராவது 'டிரைவ்'வுக்குத் தள்ளினால் கியர் பெட்டிக்குள் இருக்கும் கிளட்ச் தகடுகள் பொசுங்கும். அதனால் நிற்கும்போது மட்டும் வரம்பைத் தாழ்த்தியிருக்கிறார்கள்.

இதில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. ஆக்டிங் டிரைவராக வரும் இளைஞர்களில் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு கியர் மாற்றுகிறவர்கள் அருகிவருகிறார்கள். முள்ளைப் பார்க்கிறார்கள், அதுவும் பார்த்தால்.

ஏற்காடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இறங்கும்போது கீழ் கியருக்குப் போட்டால் எஞ்சின் போய்விடும் என்று பயந்து, பிரேக்கையே அழுத்தி அதைச் சூடாக்குகிறார்கள் பலர். தைரியமாகப் போடுங்கள். வேகம் அதிகமென்றால் பெட்டி உடனே மாற்றாது, சுற்று தாங்கும் அளவுக்கு வேகம் குறைந்த பிறகுதான் மாற்றும். அதுவரை பிரேக்கை விட்டு விட்டு அழுத்தினால் போதும்.