இரப்பரை வளர்த்த மூன்று வளங்கள்

இயற்கை ஒரு பொருளைத் தருகிறது. மனிதனின் உழைப்பு அதனைப் பயனுடையதாக்குகிறது. கருவி அவ்வுழைப்பின் பயனைப் பன்மடங்காகப் பெருக்குகிறது. இம்மூன்றையும் ஒரு நூலிற் கோத்து வைப்பதே ஆராய்ச்சியின் பணி. இவற்றுள் ஒன்று குறையினும் ஏனைய இரண்டும் வீணாகும் என்பதற்கு மலாயாவின் இரப்பர் வரலாறு நல்ல சான்றாகும்.

இரப்பர் மரம் இம்மண்ணுக்கு உரியதன்று. தென் அமெரிக்காவின் அமேசான் காட்டில் தோன்றியது. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனிலுள்ள கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். அவற்றுள் நூற்றுக்கு நான்கு என்னும் அளவிலேயே முளைத்தன. கன்றுகளிற் பெரும்பாலானவை இலங்கைக்கு அனுப்பப்பட்டன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. சில கோலகங்சாரில் நடப்பட்டன. மரம் வந்துவிட்டது, ஆனால் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதனாற் பயனேதும் விளையவில்லை. காரணம் என்ன? மரத்தைக் கெடுக்காமல் நாள்தோறும் பால் எடுக்கும் முறையை எவரும் அறிந்திருக்கவில்லை. அமேசான் காட்டில் சிறு கோடரியாற் கொத்திப் பால் வடித்தனர்; அதனால் மரம் புண்பட்டது.

1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி இச்சிக்கலை அவிழ்த்தார். புதிய இடத்தில் வெட்டாமல், முன்பு வெட்டிய பட்டையின் ஓரத்தையே மெல்லியதாக மீண்டும் சீவினால் பால் மிகுதியாகச் சுரக்கிறது என்றும், விடியற்காலையே அதற்கு ஏற்ற வேளை என்றும் அவர் கண்டறிந்தார். அவருடைய ஊக்குவிப்பால் 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் இரப்பரைப் பயிரிட்டார். பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகவே, டயருக்காக இரப்பரின் தேவை ஓங்கியது.

பயிர் பெருகியதும் உழைப்பாளர் தேவைப்பட்டனர். தமிழகத்திலிருந்து கங்காணிமார் வழியாக ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினர். காடு அழித்த இடங்களிலெல்லாம் மலேரியா அவர்களைத் தாக்கியது. 1901இல் கிள்ளானில் பணியேற்ற மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களில் நீரை வடியச் செய்து நோயைக் குறைத்தார். ஆனால் அதே முறை மலைப்பாங்கான தோட்டங்களிற் பலிக்கவில்லை. காடு நீங்கி வெயில் பட்ட ஓடைகளில் வேறோர் இனக் கொசு பெருகிற்று. கொசுவின் இனத்தை அறிந்த பின்னரே ஓடைக்கு எண்ணெய் தெளித்தல் போன்ற தனிமுறைகள் வகுக்கப்பட்டன. தாவர ஆராய்ச்சி மரத்தைக் காத்தது. மருத்துவ ஆராய்ச்சி மரஞ்சீவுவோனைக் காத்தது.

பணமும் இயந்திரமும் மட்டும் போதுமா? அமெரிக்கச் செல்வர் ஹென்றி போர்டு 1928 முதல் அமேசான் காட்டில் பெருந்தோட்டம் அமைத்தார். நிலமும் பொறிகளும் குறைவின்றி இருந்தன. ஆயினும் நெருங்க நட்ட மரங்களை இலைநோய் அழித்தது. 1930இல் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். மரத்தின் இயல்பையும் மனிதரின் மனத்தையும் ஆராயாத அம்முயற்சி 1945இல் கைவிடப்பட்டது.

மலாயாவிலோ 1925இல் இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. சிறந்த மரத்தின் மொட்டை இளங்கன்றில் ஒட்டும் முறை ஜாவாவிலிருந்து பரவியது. ஜாவாவின் ஓர் ஒட்டினத்தையும், பிராங் பெசார் தோட்டத்தில் தேர்ந்தெடுத்த மற்றோர் இனத்தையும் கலந்து கழகம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 பல நாடுகளிற் பயிரிடப்பட்டது. அந்தப் பிராங் பெசார் நிலத்தில்தான் பின்னாளில் புத்ராஜெயா எழுந்தது. வேதியியலார் இரப்பரின் தூய்மையை அளந்து தரம் பிரிக்கும் முறையை வகுத்தனர். 1965இல் அது நடைமுறைக்கு வந்தது. அதுவரை கண்ணால் பார்த்தே தரம் முடிவுசெய்யப்பட்டது.

இத்தனைக்கும் பின், பால் மரத்திலிருந்து கோப்பைக்கு வருவது ஒரு கையின் நுட்பத்தாலேயே. பட்டையின் உட்புறத்திலேயே பாற்குழல்கள் மிகுதி. கத்தி ஆழம் குறைந்தாற் பால் குறையும். சற்றே மிகுந்தால் மரம் காயப்பட்டுப் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். இவ்விரண்டிற்கும் இடையே உள்ளது மயிரிழை வேறுபாடு. விடியுமுன் மங்கிய ஒளியில், மரத்துக்கு மரம் அதனைக் கணித்தவர் எழுதப் படிக்க வாய்ப்பற்ற ஆணும் பெண்ணும் ஆவர். ரிட்லியின் பெயர் நூல்களில் நிலைத்தது. ஒட்டினங்களுக்கும் எண்கள் உண்டு. அம்முறையை நாள்தோறும் மெய்ப்பித்த கைகளுக்கோ பெயரில்லை.

பல தோட்டங்களில் இன்று இரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. உளி பிடித்த தலைமுறையும் மறைந்து வருகிறது. மூன்று வளங்களையும் பற்றிக் கற்பிக்கும் ஆசிரியர், மனித வளம் என்னும் சொல்லுக்கு எடுத்துக்காட்டை அயல்நாட்டில் தேட வேண்டியதில்லை. மாணவரின் பாட்டனும் பாட்டியும் அறிந்திருந்த அத்தொழில் நுட்பத்தை அவர்கள் வாய்மொழியாகக் கேட்டு எழுதச் செய்வதும் ஆராய்ச்சியே. அதைச் செய்யும் காலம் இன்னும் முற்றிலும் கடந்துவிடவில்லை.