ஏலமலையில் ஏலக்காய் ஆராய்ச்சி

இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம், கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்திலுள்ள மயிலாடும்பாறையில் 1978-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. தேனி மாவட்டத்திலும் இதே பெயரில் ஓர் ஊர் உண்டு, அது வேறு. பயிர்ப்பெருக்கம், நோயியல், பூச்சியியல், மண்ணியல், உயிரித்தொழில்நுட்பம் ஆகிய துறைகள் இந்நிலையத்தில் இணைந்து செயல்படுகின்றன. தமிழ்நாட்டில் தடியன்குடிசையிலும், கர்நாடகத்தில் சக்லேஷ்பூரிலும் இதன் மண்டல நிலையங்கள் அமைக்கப்பட்டன.

போடியும் ஏலமலையும்

ஏலமலைத் தோட்டங்களில் பெரும்பகுதி கேரளத்தில் உள்ளது. ஆனால் அவற்றின் சந்தையும் உழைப்பும் நெடுங்காலமாகத் தேனிச் சமவெளியைச் சார்ந்தவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள போடிநாயக்கனூர், ஏலக்காய் தரம்பிரிப்புக்கும் ஏலத்துக்கும் பெயர்பெற்ற ஊர். போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து தொழிலாளர்கள், குறிப்பாகப் பெண்கள், ஜீப்புகளில் மலையேறிக் காய் பறித்துவிட்டு மாலையில் திரும்புகின்றனர். ஆகவே மலையில் பரவும் செடிநோய் ஒவ்வொன்றும் அடிவாரத்துக் குடும்பங்களின் கூலியைப் பாதிக்கிறது.

இப்பயிருக்கென 1965-இல் ஏலக்காய்ச் சட்டம் இயற்றப்பட்டு, 1966-இல் ஏலக்காய் வாரியம் அமைந்தது. ஆராய்ச்சி நிலையம் அவ்வாரியத்தின் கீழ் உருவானது. 1987-இல் நறுமணப்பொருள் வாரியம் தோன்றியபோது நிலையமும் அதன் பொறுப்பில் வந்தது. அதற்கு முன்பே, 1956 முதல், அருகிலுள்ள பாம்பாடும்பாறையில் ஏலக்காய் ஆய்வு நடைபெற்று வந்தது. பிற்காலத்தில் குவாத்தமாலா இந்தியாவை முந்தி உலகின் முதன்மை உற்பத்தி நாடானதால், விளைச்சலைக் கூட்டவேண்டிய தேவை இன்னும் கூடியது.

விதையா, பக்கக்கன்றா?

ஏலக்காயை இரு வழிகளில் பெருக்கலாம்; இரண்டிலும் ஒரு சிக்கல் உண்டு. ஏலப்பூவில் தேனீக்களால் அயல் மகரந்தச்சேர்க்கை நிகழ்வதால், விதையிலிருந்து வரும் செடிகள் தாய்ச்செடியை ஒத்திருப்பதில்லை. விளைச்சல் செடிக்குச் செடி மாறும். பக்கக்கன்றைப் பிரித்து நட்டால் தாயின் குணம் அப்படியே கிடைக்கும். ஆனால் தாயிடமுள்ள நச்சுயிரியும் கூடவே வரும்.

அவற்றில் கொடியது கன்னடப் பெயரால் அறியப்படும் ‘கட்டே’ நோய். இளம் இலைகளில் வெளிறிய பச்சைக் கோடுகள் தோன்றும். தூர் ஆண்டுக்கு ஆண்டு மெலிந்து காய்ப்பு குன்றும். இந்நச்சுயிரி அசுவினிப் பூச்சியால் பரவுகிறது. விதை வழியாகப் பரவுவதில்லை. நோயைத் தீர்க்கும் மருந்தில்லை. நோயுற்ற தூரைப் பிடுங்கி அழிப்பதும், அசுவினி தங்கும் காய்ந்த இலையுறைகளை அகற்றுவதும் தோட்டங்களில் பின்பற்றப்படும் காப்புமுறைகள்.

திசு வளர்ப்பு

தாயின் குணம் மாறாமல், நோயில்லாத கன்றுகளைப் பெருமளவில் உருவாக்க வேண்டும் என்ற நோக்கில்தான் உயிரித்தொழில்நுட்பம் ஏலக்காய் ஆய்வுக்குள் வந்தது. 1980-களில் புணே தேசிய வேதியியல் ஆய்வகம், ஏலக்காயைத் திசு வளர்ப்பால் பெருக்கும் முறையை வகுத்தது. இம்முறையில், நல்ல விளைச்சல் தரும் செடியின் மொட்டு, நுண்ணுயிர் நீக்கப்பட்ட ஊட்டக்கலவையில் வளர்க்கப்படுகிறது. அதிலிருந்து கிளைக்கும் தளிர்கள் வேரூன்றியபின், படிப்படியாக வெளிச்சூழலுக்குப் பழக்கப்படுத்தப்படுகின்றன.

ஆயினும் திசு வளர்ப்பு மட்டுமே நோயைத் தடுத்துவிடாது. தாய்ச்செடியில் நச்சுயிரி இருந்தால் குழாய்க்கன்றிலும் அது இருக்கக்கூடும். நல்ல கன்றும் தோட்டத்தில் அசுவினியால் நோயுறலாம். நச்சுயிரியின் மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டறியும் சோதனைகள், அறிகுறி வெளிப்படும் முன்பே நோயுள்ள தாய்ச்செடிகளை விலக்க உதவுகின்றன.

தோட்டங்கள் தந்த ரகங்கள்

ஏலக்காயின் முக்கிய முன்னேற்றங்கள் சில தோட்டங்களிலிருந்தே வந்தன. கட்டே தாக்கிய தோட்டங்களில் நோயுறாமல் தப்பி நின்ற செடிகளைத் திரட்டி, குடகு மாவட்டம் அப்பங்களாவிலுள்ள ஆய்வு நிலையம் ‘விஜேதா’ என்ற எதிர்ப்புத்திறன் கொண்ட ரகத்தை உருவாக்கியது. இடுக்கி விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தம் தோட்டத்தில் தேர்ந்தெடுத்த ‘ஞள்ளானி’ ரகம், பக்கக்கன்றுகள் வழியாக 1990-களில் ஏலமலையெங்கும் பரவியது. ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களில் ஐ.சி.ஆர்.ஐ.-4, தடியன்குடிசையில் தேர்வுசெய்யப்பட்டு, கீழ்ப்பழனி மலைக்கு ஏற்றதாகப் பரிந்துரைக்கப்பட்டது.

இன்றைய சவால்

ஞள்ளானியின் பரவல் விளைச்சலை உயர்த்தியது. அதேவேளை மலையில் பயிராகும் செடிகளின் மரபுவளத்தைக் குறுக்கியது. ஒரே குணமுள்ள செடிகள் பரவலாக நிற்கும்போது, ஒன்றைத் தாக்கும் நோயோ பூச்சியோ அனைத்தையும் தாக்கும் வாய்ப்பு அதிகம். அதைத் தடுக்க மருந்து மிகுதியாகத் தெளிக்கப்படுவதால், காயில் தங்கும் மருந்தின் எச்சம் வளைகுடா நாடுகளுக்கான ஏற்றுமதிக்குத் தடையாகிறது.

எனவே பழைய மலபார், மைசூர், வழுக்கை வகைகளையும் காட்டுச்செடிகளையும் திரட்டிப் பேணும் மரபுவளத் தோட்டங்கள் இன்று முக்கியத்துவம் பெறுகின்றன. நோயைத் தாங்கும் அடுத்த ரகத்துக்கான பண்பு அவற்றில் ஏதேனும் ஒரு செடியில் இருக்கலாம். மரபணுக் குறியீடுகளைக் கொண்டு அத்தகைய செடிகளை இனங்காண்பது இன்றைய ஏலக்காய் ஆராய்ச்சியின் முக்கியப் பணிகளுள் ஒன்று.