பன்றிகளுக்கு எலும்பு பலம் தரும் தாது உப்புகள்

குட்டிகள் பால் குடித்து முடிக்கும் நேரத்தில் தாய்ப்பன்றி பின்னங்காலை ஊன்ற முடியாமல் படுத்துவிடுவது உண்டு. தீவனத்தில் கால்சியம் போதாவிட்டால், பாலுக்குத் தேவையானதை உடல் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். எலும்பு பலமிழந்து தொடையோ முதுகெலும்போ முறிந்துவிட்டால், அந்தப் பன்றியைக் கழிப்பதைத் தவிர வேறு வழியில்லை. வளரும் குட்டிகளில் மூட்டு வீக்கம், கால் வளைதல், நொண்டுதல் தெரியும். நொண்டுவதற்கு மூட்டில் ஏற்படும் நோய்த்தொற்றும் காரணமாகலாம் என்பதால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

தவிடு போடுகிறோமே, போதாதா என்று பலரும் கேட்பார்கள். போதாது. அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் நிறைய உண்டு. கால்சியம் மிகக் குறைவு. அந்தப் பாஸ்பரஸிலும் பெரும்பகுதி பைட்டேட் என்ற வடிவில் இருப்பதால் பன்றிக்குச் செரிக்காமல் சாணத்தோடு வெளியேறிவிடும். மக்காச்சோளத்திலும் கால்சியம் அனேகமாக இல்லை.

வளரும் பன்றிக்குத் தீவனத்தில் 0.6 முதல் 0.7 சதவிகிதம் கால்சியம் தேவை. கால்சியம், பாஸ்பரஸின் அளவுக்குச் சமமாகவோ, அதிகபட்சம் ஒன்றரை மடங்காகவோ இருக்க வேண்டும். கால்சைட் தூள், கிளிஞ்சல் தூள் ஆகியவற்றில் சுமார் 38 சதவிகிதம் கால்சியம் உண்டு, பாஸ்பரஸ் கிடையாது. டி.சி.பி. எனப்படும் டைகால்சியம் பாஸ்பேட்டில் கால்சியம் சுமார் 23 சதவிகிதமும், பன்றிக்கு எளிதில் செரிக்கும் பாஸ்பரஸ் சுமார் 18 சதவிகிதமும் உள்ளன. 100 கிலோ தீவனத்தில் இரண்டிலும் ஒவ்வொரு கிலோ கலந்தால் 610 கிராம் கால்சியம் சேர்ந்துவிடும். தாது உப்புக் கலவை ஏற்கெனவே போடுபவர்கள், பையில் அச்சிட்டிருக்கும் அளவைப் பார்த்து இதைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

விலை மலிவு என்று கால்சைட் தூளை அள்ளிப் போடாதீர்கள். கால்சியம் மிதமிஞ்சினால் துத்தநாகச் சத்து உடலில் சேராமல் தோல் தடித்துப் பொருக்குத் தட்டும். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு வாயையும் குடலையும் புண்ணாக்கும். உரக்கடை ராக் பாஸ்பேட்டில் உள்ள ஃபுளோரின் பல்லையும் எலும்பையும் கெடுத்துவிடும். இவை இரண்டும் வேண்டவே வேண்டாம்.

ஓட்டல் கழிவு கொடுப்பவர்கள் அதை நன்கு கொதிக்கவைத்து, ஆறிய பிறகு தாது உப்பைக் கலக்கலாம். கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி தேவை. கொட்டகைக்குள் வெயில் விழாவிட்டால் வைட்டமின் டி உள்ள கலவையாகப் பார்த்து வாங்குங்கள்.

இனவிருத்திக்கு ஒதுக்கும் பெண் குட்டிகளுக்கு, கறிக்கு வளர்ப்பவற்றைவிட இரண்டு சத்துகளும் சற்று கூடுதலாகத் தேவை. அவற்றை 50 கிலோ எடையிலிருந்தே தனியாகப் பிரித்துத் தீவனம் கொடுப்பது நல்லது.