தோட்டத்து உபாத்தியாயர்

கண்டிச் சீமையில், தெல்தோட்டைக்கு அண்மையில் உள்ளது லூல்கந்துர தோட்டம். 1867-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்பார் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது அங்கேதான். தேயிலை செழித்தது. ஆனால், கொழுந்து பறித்த தமிழரின் மக்களுக்கு எழுத்தறிவு நெடுங்காலம் எட்டாக்கனியாகவே இருந்தது.

1920-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்வதைத் தோட்ட நிருவாகத்தின் கடமையாக்கிற்று. ஒரு கொட்டகை, ஓர் உபாத்தியாயர்; பெரும்பாலும் இதுவே பாடசாலை. சம்பளம் கொடுப்பவர் துரை. ஆகவே தோட்டத்து எழுத்து வேலையும் பல இடங்களில் உபாத்தியாயர் தலையில் விழுந்தது. அவர் விலகினால் பாடசாலையே மூடப்படும். தமிழ் நெடுங்கணக்கு அம்மலைகளில் நிலைத்தது, விலகாது நின்றவர்களாலேயே.

1970-களின் பிற்பகுதியில் அரசாங்கம் இப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கிற்று. சம்பளம் உறுதியாயிற்று. ஆயினும் வெளியிடங்களிலிருந்து வந்த ஆசிரியர் பலர் இடமாற்றத்தையே எதிர்நோக்கினர். தங்குவதற்கு இடமும் போவதற்கு வண்டியும் இல்லாதபோது, அவர்களை மட்டும் குறைகூறுதல் தகுமோ?

1980-களில் தோட்டத்து இளைஞரே ஆசிரியராக நியமனம் பெறலாயினர். பின்னர், பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க முன்வந்தது. லயத்திலே பிறந்தவர் லயத்துப் பிள்ளைக்குத் தமிழ் கற்பித்தார்.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? பற்று என்பது ஆசிரியரிடம் மட்டும் கேட்டுப் பெறும் தியாகமன்று. பயிற்சியும் மதிப்பும் உறைவிடமும் சமூகம் அவருக்குச் செலுத்த வேண்டிய கடன். அக்கடன் தீர்க்கப்படும் இடத்தில் பற்றும் வேரூன்றும்.